சீட்டைக் கற்போம், சூதை விடுவோம்

‘சீட்டு’ என்ற சொல் காதில் விழுந்தாலே நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சீட்டாடிக் கெட்டவர் கதை ஒவ்வொரு தெருவிலும் ஒன்றாவது இருக்கும். ஆனால் சில ஆண்டுகளுக்கு முன்புவரை கைப்பேசித் திரையிலும் தொலைக்காட்சியிலும் வேறொரு குரல் கேட்டது. சீட்டாடினால் செல்வம் கொட்டும் என்று முகமலர்ச்சியோடு விளம்பரம் செய்தார்கள். ஒரு பக்கம் ‘தொடாதே’ என்னும் எச்சரிக்கை. மறுபக்கம் ‘வா, தொடு’ என்னும் அழைப்பு. இந்த இரு சாராருக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இருவருமே நமக்கு ஆட்டத்தைக் கற்றுத் தரவில்லை.

உலகெங்கும் ஆடப்படும் போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் விதிகளையும் அடிப்படை உத்திகளையும் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் கற்க வேண்டும். ஆனால் அதில் ஒரு காசுகூட வைத்து ஆடக்கூடாது. இதுவே என் கட்சி. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று சிலர் கூறலாம். முதலாவதை முழுமையாகச் செய்தவனுக்கு இரண்டாவது தானாகவே வந்து சேரும் என்பது நான் பட்டு அறிந்த உண்மை.

வரிசையும் கலரும்

நான் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்தவன். பொங்கல் விடுமுறை வந்துவிட்டால் தோப்பு நிழலில் மூணு சீட்டு நடக்கும். சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் சிறுவர்களில் நானும் ஒருவன். மூன்று சீட்டும் ஒரே எண்ணாக விழுந்தால் அதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்தது ஒரே இனத்தில் வரிசை, அதற்கடுத்தது இனம் கலந்த வரிசை, அதன் பின் மூன்றும் ஒரே இனமான கலர், பிறகு ஜோடி. ‘வரிசை கலரை வெட்டும்’ என்பதைப் பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்பே நான் மனப்பாடம் செய்திருந்தேன்.

2023ஆம் ஆண்டு கல்லூரியில் கணிதம் படிக்கச் சேர்ந்தேன். சேர்ந்த சில மாதங்களில் கைப்பேசியில் ஒரு போக்கர் விளையாட்டு வந்து சேர்ந்தது. அதன் பெயர் இங்கே வேண்டாம். முதலில் வெறும் காய்களை வைத்து ஆடினேன். பிறகு ஐம்பது ரூபாய், நூறு ரூபாய். ஒருநாள் இரவு என் கையில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று அழகான வரிசை அமைந்தது. மேசையில் மூன்று ஆர்ட்டீன் கிடந்தன. எதிராளியிடம் கலர் இருக்கலாம் என்று தோன்றியது. இருந்தால்தான் என்ன, வரிசை கலரை வெட்டுமே என்று இருந்ததை எல்லாம் வைத்தேன். எதிராளி ஐந்து ஆர்ட்டீனைக் காட்டினான். பணம் அவன் பக்கம் போயிற்று. இயந்திரம் தவறு செய்துவிட்டது என்றே முதலில் எண்ணினேன்.

இயந்திரம் தவறு செய்யவில்லை. போக்கரில் கலர்தான் வரிசையை வெட்டும். இந்த ஒரு விதியை அறியாமல் போன பணம் 1,150 ரூபாய். அதை மீட்கிறேன் என்று மூன்று வாரத்தில் விட்டது மொத்தம் 4,800 ரூபாய். அதில் தேர்வுக் கட்டணம் இருந்தது. பேருந்துச் செலவு இருந்தது. மல்லாட்டை பறிக்கப் போய் அம்மா ஈட்டிய கூலியும் இருந்தது. தேர்வுக் கட்டணத்தை ஒரு நண்பன் கடனாகக் கொடுத்தான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தோப்பில் ஒரு விதி, திரையில் ஒரு விதி ஏன் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. விடையைத் தேடிப் போனேன். போட்ட பணத்தைக் கணக்கால் மீட்டுவிடலாம் என்ற ஆசையோடுதான் போனேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆட்டம் என்ன?

போக்கரில் பல வகை உண்டு. இன்று பரவலாக ஆடப்படுவது ‘டெக்சாஸ் ஹோல்டெம்’. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரே இதன் பிறப்பிடம் என்று அம்மாநிலச் சட்டமன்றம் 2007இல் தீர்மானம் இயற்றியது. லாஸ் வேகாஸ் நகரில் 1970 முதல் நடந்துவரும் உலகப் போட்டித் தொடர் இதற்குப் புகழ் தேடித் தந்தது.

விதிகள் எளியவை. 52 சீட்டு கொண்ட ஒரு கட்டு, ஜோக்கர் கிடையாது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்துத் தரப்படும். அவற்றை அவர் மட்டுமே பார்க்கலாம். பிறகு அனைவருக்கும் பொதுவாக மேசையில் ஐந்து சீட்டு விரிக்கப்படும். முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியாக ஒன்று. கையிலுள்ள இரண்டும் மேசையிலுள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பந்தயம் நான்கு சுற்று: பொதுச்சீட்டு விரிக்கும் முன் ஒன்று, மூன்று சீட்டு விரித்தபின் ஒன்று, நான்காம் சீட்டுக்குப் பின் ஒன்று, ஐந்தாம் சீட்டுக்குப் பின் ஒன்று. தம் முறை வரும்போது ஒருவர் சீட்டைக் கவிழ்த்து விலகலாம். முன்னவர் வைத்ததற்குச் சமமாக வைக்கலாம். அதற்கு மேலும் ஏற்றலாம். யாரும் ஒன்றும் வைக்கவில்லை என்றால் தாமும் வைக்காமல் முறையைக் கடத்தலாம். சீட்டுப் போடுபவருக்கு அடுத்த இருவர் மட்டும் தொடக்கத்திலேயே ஒரு சிறு கட்டாயப் பந்தயம் வைத்தாக வேண்டும். இதற்கு ‘பிளைண்டு’ என்று பெயர். மூணு சீட்டில் சீட்டைப் பார்க்காமல் ஆடுவதைப் பிளைண்டு என்கிறோமே, அது வேறு, இது வேறு.

கைகளின் தரவரிசையை மேலிருந்து கீழாகச் சொன்னால்: ஒரே இனத்தில் ஐந்து வரிசை, நான்கு ஒரே எண், மூன்று ஒரே எண்ணோடு ஒரு ஜோடி, ஐந்தும் ஒரே இனமான கலர், வரிசை, மூன்று ஒரே எண், இரண்டு ஜோடி, ஒரு ஜோடி, ஒன்றும் அமையாத கை.

இந்த வரிசையை யாரோ ஒரு துரை விருப்பம்போல் எழுதி வைத்தார் என்று எண்ணியிருந்தேன். அப்படியில்லை, எண்ணிக்கைதான் இதை எழுதியது. 52 சீட்டிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுக்க 25,98,960 வழிகள் உண்டு. அவற்றுள் ஒரே இனத்தில் வரிசையாக அமைவது 40 மட்டுமே. நான்கு ஒரே எண் 624. மூன்றும் ஜோடியும் 3,744. கலர் 5,108. வரிசை 10,200. மூன்று ஒரே எண் 54,912. இரண்டு ஜோடி 1,23,552. ஒரு ஜோடி 10,98,240. ஒன்றும் அமையாதவை 13,02,540. அரிதாகக் கிடைப்பது எதுவோ அதற்கு மதிப்பு அதிகம். வேறு இரகசியம் இல்லை.

இப்போது நம் தோப்பு ஆட்டத்துக்கு வருவோம். 52இல் மூன்றைத் தேர்ந்தெடுக்க 22,100 வழிகள். அதில் கலர் 1,096; வரிசை 720. மூன்று சீட்டில் வரிசைதான் அரிது, ஆகவே அது வெல்கிறது. ஐந்து சீட்டில் கலர்தான் அரிது, ஆகவே அது வெல்கிறது. நம் ஊர்ப் பெரியவர்களும் தவறவில்லை; அந்நிய நாட்டாரும் தவறவில்லை. எண்ணிப் பாராமல் பணம் வைத்த நான்தான் தவறினேன். வகுப்பில் சேர்மானக் கணக்கை மதிப்பெண்ணுக்காகப் படித்த அதே வாரத்தில்தான் அந்த 1,150 ரூபாயை விட்டேன் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

உத்தி என்ன?

அடிப்படை உத்திகள் நான்கு என்று சொல்லலாம்.

முதலாவது, விலகக் கற்பது. கைக்கு வரும் இரண்டு சீட்டில் 1,326 வகை உண்டு. ஜோடியாக வருவது 17இல் ஒரு தடவை. இரண்டு ஏஸ் வருவது 221இல் ஒரு தடவை. ஆகவே வருகிற சீட்டில் பெரும்பாலானவை கவிழ்த்துவிட வேண்டியவையே. புதிதாக ஆடுபவன் ஒவ்வொரு ஆட்டத்திலும் நுழைவான். தேர்ந்தவன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பான். ‘சும்மா இருப்பதும் ஓர் ஆட்டம்’ என்பதே போக்கர் கற்றுத் தரும் முதல் பாடம்.

இரண்டாவது, அமர்ந்திருக்கும் இடம். கடைசியாகப் பேசுகிறவனுக்கு மற்றவர் என்ன செய்தார்கள் என்பது தெரியும். முதலில் பேசுகிறவன் இருட்டில் பேசுகிறான். அதே சீட்டு, முன் இடத்தில் கவிழ்க்கத் தக்கது, பின் இடத்தில் ஆடத் தக்கதாகலாம்.

மூன்றாவது, கொடுக்கும் விலைக்குக் கிடைக்கும் வாய்ப்பு தகுமா என்று பார்ப்பது. நான்கு சீட்டு மேசையில் விரிந்தாகிவிட்டது என்போம். இன்னும் ஓர் ஆர்ட்டீன் வந்தால் எனக்குக் கலர் அமையும். வந்தால் வெற்றி, வராவிட்டால் தோல்வி. கட்டில் ஆர்ட்டீன் 13, நான்கு என் கண்ணுக்குத் தெரிகின்றன, மீதி ஒன்பது. நான் பார்த்தவை என் இரண்டும் மேசையின் நான்குமாக ஆறு, பாராதவை 46. ஆக 46இல் 9, ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. மேசையில் 100 இருக்கிறது. எதிராளி 50 வைக்கிறான். நான் 50 வைத்தால் 150ஐ வெல்லலாம். வைக்கலாமா? இதே நிலை 46 முறை வந்தது என்று கொள்வோம். ஒன்பது முறை வென்றால் 1,350 வரவு. முப்பத்தேழு முறை தோற்றால் 1,850 செலவு. 500 நட்டம், ஆகவே கவிழ்க்க வேண்டும். மேசையில் 100க்குப் பதில் 200 இருந்திருந்தால் ஒன்பது வெற்றியில் 2,250 வரவு, 400 ஆதாயம், ஆகவே ஆடலாம். சீட்டு அதேதான், நெஞ்சின் படபடப்பும் அதேதான். விடை மட்டும் மாறுகிறது. ‘இந்த முறை வரும் என்று மனசு சொல்கிறது’ என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

நான்காவது, பொய்க்கை காட்டுவது. நல்ல சீட்டு இருந்தால் மட்டுமே பந்தயம் ஏற்றுகிறவனை எதிராளி விரைவில் படித்துவிடுவான். எனவே சில வேளை வெறுங்கையோடும் ஏற்றத்தான் வேண்டும். இது வெறும் தந்திரமன்று, கணிதத்தில் அடங்குவது. ஜான் வான் நாய்மன் என்னும் கணித மேதை, மார்கன்ஸ்டெர்ன் என்னும் பொருளியல் அறிஞரோடு சேர்ந்து 1944இல் வெளியிட்ட ஆட்டக் கோட்பாட்டு நூலில் போக்கரின் பொய்க்கையை ஆராய்ந்திருக்கிறார். பொருளியல் மாணவர்கள் பாடமாகப் படிக்கும் அந்தக் கோட்பாட்டின் வேர்களில் ஒன்று சீட்டு மேசையில் இருக்கிறது.

அம்மாவின் கேள்வி

இவ்வளவும் கற்றபின் எனக்குத் துணிவு வந்தது. இனி நான் பழைய ஏமாளி அல்லன். 4,800 ரூபாயையும் திரும்ப எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மா திண்ணையில் விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஏனோ அன்று மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சற்று நேரம் பேசாமல் உடைத்துக்கொண்டிருந்தவள், “அது இன்னாடா ஆட்டம்? எனக்குச் சொல்லு” என்றாள். முறத்திலிருந்த பருப்பை எடுத்து ஆறு குவியலாக வைத்து, ஆறு பேர் ஆடுகிறார்கள் என்று விளக்கினேன். ஜெயிப்பவன் எடுக்கும் ஒவ்வொரு குவியலிலும் ஆட்டம் நடத்துபவன் இருபதுக்கு ஒன்று கமிஷன் எடுப்பான் என்பதையும் போகிற போக்கில் சொன்னேன். உத்தி, கணக்கு எல்லாம் சொல்லி முடித்தேன். அம்மா கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று.

“ஆறு பேர்ல நீ தோத்தா இன்னொருத்தன் ஜெயிப்பான், அவன் தோத்தா நீ ஜெயிப்ப, சரி. அந்தக் கமிஷன் எடுக்கறவன் என்னிக்குடா தோப்பான்?”

நான் புரட்டிய பக்கங்களில் எல்லாம் எனக்குத் தென்படாத கேள்வி அது. விதை நெல்லையும் விதை மல்லாட்டையையும் காத்து வைக்கத் தெரிந்தவளுக்கு, முதல் எங்கே கரைகிறது என்பது உடனே கண்ணில் பட்டுவிட்டது.

கல்லூரிக்குத் திரும்பியதும் விடுதி நண்பர்கள் நால்வரோடு நானும் சேர்ந்து ஐவர் ஆடிப் பார்த்தோம். ஆளுக்கு நூறு மல்லாட்டை, மொத்தம் ஐந்நூறு. ஆறாவதாக ஒரு நண்பனைக் கடைக்காரனாக உட்காரவைத்தோம். வெல்லும் குவியலில் இருபதுக்கு ஒன்று அவனுக்கு. நாற்பது ஆட்டம் முடிந்தது. முதலாவது வந்தவனிடம் 141. மற்றவர்களிடம் 97, 76, 68. ஒருவன் கையில் ஒன்றுமில்லை. கடைக்காரனிடம் 118! ஒரு சீட்டைக்கூடத் தொடாமல் அவன் இரண்டாம் இடம் பிடித்துவிட்டான். ஐந்நூறாக இருந்த எங்கள் முதல் 382 ஆகிவிட்டது. இன்னும் நூறு ஆட்டம் ஆடியிருந்தால் எங்களுள் யார் கெட்டிக்காரன் என்ற கேள்வியே பொருளற்றுப் போயிருக்கும். கடைக்காரன் தன் ஆதாயத்தை எங்கள் கண்ணெதிரே வறுத்துத் தின்றான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அன்றே கைப்பேசியிலிருந்து அந்த விளையாட்டை நீக்கினேன். ஒழுக்க போதனையால் அன்று, கணக்கால்.

திறமையா, அதிர்ஷ்டமா?

இங்கே சட்டம் படித்த நண்பர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். போக்கரும் ரம்மியும் திறமை ஆட்டங்கள் என்று நீதிமன்றமே கூறவில்லையா என்பார்கள். கூறியது உண்மை. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றும், மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம் என்றும் உச்சநீதிமன்றம் 1967இல் ஓர் ஆந்திர வழக்கில் கூறியது. ஆனால் அதே தீர்ப்பு, ஆட்டம் நடக்கும் இடத்தின் உரிமையாளர் அந்த ஆட்டத்திலிருந்து ஆதாயம் எடுத்தால் அது குற்றமாகக்கூடும் என்றும் சுட்டிக்காட்டியது. அம்மாவின் கேள்விக்கும் நீதிபதிகளின் கருத்துக்கும் தொலைவு அதிகமில்லை.

தமிழ்நாடு அரசு பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கக் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் இரத்து செய்தது. 2022இல் சட்டமன்றம் புதிய சட்டத்தை நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்றது. பின்னர் 2025 ஆகஸ்டில், திறமை, அதிர்ஷ்டம் என்ற வேறுபாடே பாராமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது.

போக்கர் திறமை ஆட்டம்தான் என்பதை நானும் ஏற்கிறேன். ஏற்பதால்தான் பணம் வைக்காதே என்கிறேன். திறமை ஆட்டம் என்றால் திறமை மிக்கவன் வெல்வான் என்று பொருள். புதியவனாகிய நீ எதிரே உட்கார்ந்தால் யாருடைய பணம் யாருக்குப் போகும்? மல்யுத்தமும் திறமைதான், அதற்காகப் பயில்வானோடு பந்தயம் கட்டுவோமா?

மேலும், அந்தத் திறமை ஒரு நாளில் வெளிப்படுவதன்று. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ‘லிப்ராட்டஸ்’ என்னும் கணினி நிரல், நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு இருபது நாள் ஆடி வென்றது. வெற்றி தற்செயலன்று என்று உறுதி செய்ய 1,20,000 ஆட்டங்கள் ஆட வேண்டியிருந்தது. கெட்டிக்காரத்தனம் தெரிய அத்தனை ஆட்டம் வேண்டுமென்றால், நாலாயிரத்து எண்ணூறு ரூபாய் எத்தனை ஆட்டம் தாங்கும்? திறமை வெளிப்படும் முன்பே பை காலியாகிவிடும்.

2003இல் அமெரிக்கக் கணக்கர் ஒருவர் 86 டாலர் நுழைவுப் போட்டி வழியே உலகப் போட்டிக்குப் போய் 25 இலட்சம் டாலர் வென்ற செய்தியை விளம்பரக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அவரோடு அன்று களமிறங்கித் தோற்ற எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

நளனும் தருமனும்

நம் பழங்கதைகள் இதை முன்பே சொல்லியிருக்கின்றன. வள்ளுவர் சூதுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கினார். வெற்றியைத்தான் அவர் முதலில் எச்சரிக்கிறார், தூண்டிலில் மாட்டிய இரைக்கு ஒப்பிட்டு. நளன் கதையை எல்லோரும் அறிவோம். சூதாடி நாடிழந்தான் என்பதோடு நிறுத்திவிடுகிறோம். அவன் மீண்ட விதத்தைச் சொல்ல மறக்கிறோம். தேரோட்டியாக வாழ்ந்த நளனுக்கு, ஒரு தான்றி மரத்தின் காய்களைப் பார்வையாலேயே எண்ணிச் சொன்ன மன்னன் இருதுபன்னன், அந்த எண்ணும் கலையைக் கற்றுக் கொடுத்தான். கற்ற அக்கணமே கலி நளனை விட்டு நீங்கினான். எண்ணத் தெரிந்தவனிடம் கலிக்கு வேலையில்லை!

பாரதத்தில் தருமனும் பகடையின் நுட்பத்தைக் கற்கிறான். ஒரு முனிவர் அவனுக்கு நளன் கதையைச் சொல்லி அதைக் கற்பிக்கிறார். எப்போது? நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் பணயம் வைத்துத் தோற்றுக் காட்டுக்கு வந்த பிறகு. நானும் தருமனைப் போலத்தான் கற்றேன், தோற்ற பிறகு. இதைப் படிக்கும் என் தம்பி தங்கையர் காட்டுக்குப் போகும் முன்பே கற்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தடை போதாதா?

“சட்டமே தடுத்துவிட்டதே, இனி எதற்குக் கற்க வேண்டும்?” என்று கேட்கலாம். எங்கள் ஊரின் வரலாறே விடை சொல்லும். எங்கள் ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தார். 1948இல் மாகாணம் முழுவதற்கும் மதுவிலக்கைக் கொண்டுவந்தது அவருடைய அரசு. அந்த உத்தமரின் நோக்கத்தில் யாருக்கும் ஐயமில்லை. ஆயினும் 1971இல் அந்தத் தடை தளர்ந்தது. பரிசுச்சீட்டு விற்பனை தமிழ்நாட்டில் 2003இல் தடை செய்யப்பட்டது. ஆயினும் மூன்று எண் லாட்டரி மறைவாக நடந்து, 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே அழிந்தது. சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேண்டும். ஆனால் சட்டம் கடையைத்தான் மூடும். ஆசையை மூட அறிவு வேண்டும்.

“கற்றுக் கொடுத்தால் கெட்டுப் போவார்களே” என்பது இன்னொரு அச்சம். விதி தெரியாமல் கெட்டவன் நான். பாதி தெரிந்து மீண்டும் கெடப் போனவனும் நான். முழுதும் தெரிந்த பிறகுதான் நிறுத்தினேன். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 2015இல் போக்கர் கோட்பாட்டைப் பாடமாகவே நடத்தியது. நம் கோழிக்கோடு மேலாண்மைக் கழகத்திலும் அது பாடமாக வந்திருக்கிறது. அங்கே மேட்டுக்குடி மாணவர்கள் வகுப்பறையில் கற்பதை, இங்கே ஏழை மாணவர்கள் நள்ளிரவில் காசு கொடுத்துக் கற்கிறோம். இதுதான் அநீதி.

ஆகவே நம் கல்லூரிக் கணித மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுக்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். ஒரு கரும்பலகை, நாலு சீட்டுக்கட்டு, இரண்டு படி மல்லாட்டை போதும். எல்லாத் துறை மாணவர்களும் வரட்டும். விதியைச் சொல்லுங்கள், உத்தியைச் சொல்லுங்கள், 25,98,960 எப்படி வந்தது என்று எழுதிக் காட்டுங்கள். ஆட்டம் நடக்கட்டும். ஆனால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கடைக்காரனை உட்காரவைக்க மறவாதீர்கள். மாலை முடியும்போது அவன் முன்னால் இருக்கும் குவியலை எல்லோரும் ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

நண்பன் தந்த கடனை விடுமுறைகளில் கூலி வேலைக்குப் போய் அடைத்துவிட்டேன். அம்மாவின் கூலிப் பணத்தை இன்னும் முழுதாகத் திருப்பித் தரவில்லை. அவள் கேட்கவும் இல்லை. எப்போதாவது மட்டும், “இன்னாடா, கமிஷன்காரன் தோத்துட்டானா?” என்று கேட்பாள்.

இன்னும் இல்லை, அம்மா.